வீட்டுக்கே வந்து ஆன்டிபயாடிக் ஊசி போடும் நர்சிங் சர்வீஸ் (கோவை): ஐந்துக்கு நான்கு

மாமனாருக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் கிட்னி வரைக்கும் ஏறி, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காய்ச்சல் இறங்கி, சாப்பாடும் ஓரளவு இறங்க ஆரம்பித்ததும், மிச்ச ஊசியை வீட்டிலிருந்தே போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து செஃப்ட்ரியாக்சோன், 1 கிராம், தினம் ஒரு வேளை, நரம்பு வழியாக. மோனோசெஃப் என்று சொன்னால் நிறையப் பேருக்குச் சட்டென்று தெரியும், அது இதில் ஒரு பிராண்ட். ரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 8 மணி நேரம் ஆகும் என்பதால்தான் நாளுக்கு ஒரு ஊசி போதுமாக இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் போடுகிற மருந்தாக இருந்திருந்தால் வீட்டு சர்வீஸ் யாருக்கும் கட்டுப்படியாகாது.

இவர்களிடம் எனக்கு முதலில் பிடித்தது, எடுத்த எடுப்பில் 'சரி சார், வந்துடறோம்' என்று சொல்லாததுதான். டாக்டர் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, கல்ச்சர் ரிப்போர்ட் (யூரினில் எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று லேபில் பார்த்த முடிவு) மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். இதற்கு முன்னால் இந்த மருந்து உடம்பில் ஏறியிருக்கிறதா, பெனிசிலின் வகை எதற்காவது மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்ததுண்டா என்று கேட்டார்கள். புதிதாக ஆரம்பிக்கும் முதல் ஊசியை வீட்டில் போடவே மாட்டார்களாம், அதை ஆஸ்பத்திரியில் போட்டு முடித்திருந்தால்தான் வருவார்கள். இதே ஊசியைச் சீட்டு இல்லாமலே 'இங்கயே போட்டு விட்டுடறேன், படுக்கச் சொல்லுங்க' என்ற ஒரு மருந்துக்கடையையும் நான் பார்த்தேன் என்பதால்தான் இது பெரிதாகத் தெரிகிறது. செஃப்ட்ரியாக்சோன் ஷெட்யூல் எச்1 மருந்து. 2014 மார்ச்சிலிருந்து இந்தப் பட்டியலில் இருப்பதைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, எழுதிய டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் கடையில் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். பெட்டியில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையே அச்சடித்திருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

கல்ச்சர் ரிப்போர்ட் எதற்கு என்று நானும் கேட்டேன். யூரினில் வளர்ந்தது ஈ.கோலை கிருமி. நம் ஊரில் அதில் பெரும்பங்கு இந்த மருந்துக்கு அடங்காத ரகமாகிவிட்டது, அப்படிப்பட்டதாக இருந்தால் தினமும் வந்து குத்தியும் பிரயோஜனமில்லை, அதனால் அடங்கும் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆள் அனுப்புவோம் என்றார்கள். எங்களுடையதில் அடங்கும் என்று இருந்தது.

வந்த சிஸ்டர் வேலை செய்யும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கையைக் கழுவி, கிளவுஸ் போட்டு, முதலில் கையிலிருந்த வென்ஃப்ளானை (மருந்து ஏற்ற நரம்பில் செருகி வைத்திருக்கும் சின்னக் குழாய்) சுற்றி வீக்கமோ சிவப்போ இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். குப்பியின் ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயும்வரை விட்டார், இந்தக் காயவிடுதலை ஆஸ்பத்திரியிலேயே பல பேர் செய்வதில்லை. கூடவே வரும் 10 மில்லி ஸ்டெரைல் வாட்டரை உள்ளே விட்டு, குலுக்கி, தூள் முழுக்கக் கரைந்து இளமஞ்சளாகத் தெளிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துகள் ஏதும் மிதக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் கொஞ்சம் சலைன் விட்டு வழி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டே நான்கு நிமிடம் போல நிதானமாக மருந்தைச் செலுத்தி, மறுபடி சலைன். வேகமாகத் தள்ளினால் படபடப்பு, வியர்வை வரலாம், நரம்பும் வலிக்கும். போட்ட பிறகும் அரை மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தார். பையில், கடும் அலர்ஜி வந்தால் உடனே போட வேண்டிய அட்ரினலின் ஆம்பியூல் இருந்தது, எக்ஸ்பைரி தேதியைக் காட்டச் சொன்னேன், முகம் சுளிக்காமல் காட்டினார்.

மாமனாருக்கு ட்ரிப்ஸ் மேல் தனி நம்பிக்கை. "ஏனுங்க சிஸ்டர், இதையே ஒரு பாட்டில்ல கலந்து ஏத்தி விட்டுட்டா உடம்புக்குத் தெம்பாவும் இருக்குமில்லீங்க?" என்று ஆரம்பித்தார், யாரோ வாங்கிக் கொடுத்த ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற ட்ரிப்ஸ்) பாட்டில் ஒன்றும் அலமாரியில் தயாராக இருந்தது.

"ஐயா, ஆர்.எல்.ல கால்சியம் இருக்குதுங்க. இந்த மருந்தோட சேர்ந்தா பொடிப்பொடியாத் திரியும். ரெண்டையும் ஒண்ணாக் கலக்கவே கூடாதுங்க" என்று பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

பிறந்து 28 நாளுக்குள் உள்ள குழந்தைகளில் இந்தச் சேர்க்கையால் நுரையீரலிலும் கிட்னியிலும் படிவு உண்டாகி உயிர் போயிருக்கிறது, 2007-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே விட்டது. பெரியவர்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் ஏற்றக் கூடாது, நடுவில் சலைன் விட்டுக் கழுவிய பிறகுதான். இதை நோயாளியிடம் பொறுமையாகச் சொல்லும் சிஸ்டர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். இடுப்பில் போடுவதானால் வலிக்குமென்று லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தில் கரைத்துப் போடுவார்கள், அப்படிக் கரைத்ததை நரம்பில் ஏற்றவே கூடாது என்பதையும் அவரே சொன்னார்.

சரி, ஒரு ஸ்டார் ஏன் போனது? நேரம். காலை பத்து என்று சொல்லிவிட்டு மதியத்துக்கு மேல் வந்த நாளும் உண்டு. இந்த மருந்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பின் ஆனால் குடி முழுகிவிடாதுதான், ஆனால் போன் பண்ணினால் 'ஆன் தி வே சார்' என்ற ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வழக்கமான சிஸ்டர் லீவு போட்ட அன்று வந்த பையன், ஊசியை முடித்துவிட்டு உடனே கிளம்பப் பார்த்தான், அரை மணி நேரம் இருக்க வேண்டுமே தம்பி என்று நான் சொல்லித்தான் உட்கார்ந்தான். யார் வந்தாலும் ஒரே மாதிரி செய்வதற்குத்தானே கம்பெனி என்று ஒன்று இருக்கிறது? பில்லிலும் கிளவுஸ், பஞ்சு, சிரிஞ்ச் என்று தனித்தனியாகப் போடுகிறார்கள், முதலிலேயே மொத்தமாகச் சொல்லிவிடலாம். ஊசி முனைகளை மட்டும் குத்துப்படாத வெள்ளை டப்பாவில் போட்டு அவர்களே எடுத்துப் போய்விடுகிறார்கள், நம் வீட்டுக் குப்பையில் விடுவதில்லை. அதற்குத் தனிச் சார்ஜ் போட்டாலும் கொடுத்திருப்பேன்.

ஊசி எல்லாம் முடிந்து வென்ஃப்ளானை எடுத்த அன்று சிஸ்டர் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சில வாரங்களுக்குள் தண்ணீராகப் பேதி ஆரம்பித்தால், கடையில் பேதி மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு இருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும், ஆன்டிபயாடிக்காலேயே வரும் பேதி ஒன்று உண்டு. இன்னொன்று, வயிற்று ஸ்கேன் எடுத்தால் இந்த ஊசி போட்டதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பித்தப்பையில் படிந்து ஸ்கேனில் கல் மாதிரியே தெரியுமாம், பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியின் மேலேயே சிவப்புப் பேனாவில் எழுதி ஃபைலில் வைத்திருக்கிறேன்.