தட்டினால் பதற்றம் போகுமா? பேக்கேஜுக்குப் பணம் கட்டுமுன் படியுங்கள்

உடலின் சில புள்ளிகளை விரலால் தட்டினால் பதற்றம் போகும் என்று சொல்லும் ஈஎஃப்டி (Emotional Freedom Techniques) என்னும் தட்டுதல் சிகிச்சைக்குப் பல அமர்வுகளுக்கான பணத்தை மொத்தமாக முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள். குணமாகவில்லை என்றால் "உங்கள் ஆற்றல் தடை இன்னும் விலகவில்லை" என்று பழியை வந்தவர் மேலேயே போட்டு, அடுத்த பேக்கேஜை நீட்டுகிறார்கள்.

விற்பனை முதல் அமர்விலேயே முடிந்துவிடுகிறது. பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்பார்கள். சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரத்தைத் தட்டியபடியே, "இந்தப் பயம் இருந்தாலும் என்னை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று மூன்று முறை சொல்லச் சொல்வார்கள். பிறகு புருவத்தின் உள்முனை, கண்ணோரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, மோவாய், காறையெலும்பு, அக்குளுக்குக் கீழே, உச்சந்தலை என ஒவ்வொன்றிலும் ஐந்தாறு தட்டு. 8 என்றவர் இப்போது 4 என்பார். எதிரே ஆவலோடு ஒருவர் கேட்கும்போது குறைத்துச் சொல்லத்தான் வாய் வரும். உச்சத்துக்குப் போன பதற்றம் சற்று நேரத்தில் தானாகவும் இறங்கும். பயந்து ஒதுக்கிவந்த லிஃப்டிலோ கூட்டத்திலோ சில வாரம் கழித்து நிற்க முடிகிறதா என்பதுதான் உண்மையான அளவு.

ஆய்வே இல்லை என்று சொல்லவில்லை. ஆட்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துச் செய்யும் 14 சமவாய்ப்புச் சோதனைகளை, மொத்தம் 658 பேரை, சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் பதற்றம் நன்றாகவே குறைந்திருந்தது. விற்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) போன்ற வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடப் போதிய தரவு இல்லை என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது.

2003இல் வெய்ட், ஹோல்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 119 மாணவர்களிடம் செய்த சோதனையைக் கட்டாயம் கேளுங்கள். சொன்ன புள்ளிகளில் தட்டியவர்கள், கையில் வேறு இடங்களில் தட்டியவர்கள், பொம்மையைத் தட்டியவர்கள் என மூன்று குழுவுக்குமே பயம் குறைந்தது. தட்டாமல் காகித பொம்மை செய்தவர்களுக்குக் குறையவில்லை. பயத்தை வாய்விட்டுச் சொல்வது, அதையே நினைத்தபடி கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பது, கவனம் கைக்குத் திரும்புவது ஆகியவையே பெரும்பாலும் வேலை செய்கின்றன என்பது எங்கள் கணிப்பு. அப்படியென்றால் புள்ளிகளின் "ரகசியத்துக்கு" பணம் எதற்கு?

பணத்தைவிடப் பெரிய ஆபத்து, "இனி மாத்திரை வேண்டாம்" என்ற பேச்சு. பதற்றத்துக்குத் தரப்படும் பென்சோடயசெபின் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். நிறுத்துவதானால் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். புற்றுநோய், சர்க்கரை நோயைத் தட்டியே குணமாக்குவதாகச் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

முயன்று பார்க்க விரும்பினால் இலவசமாகவே செய்யலாம், முறை முழுவதும் மேலே இருக்கிறது. ஒருவரிடம் போவதென்றால் மனநலத் துறையில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் தனியாகவே பணம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.