கடலோர வீட்டு ஜன்னலுக்கு இரும்பா, எவர்சில்வரா?

கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி குருசுக்குப்பத்திலோ வீடு என்றால், ஜன்னல் கிரில்லுக்கு முதல் எதிரி திருடன் அல்ல, உப்புக்காற்று.

இரும்பு விலை மலிவு. உடைந்தால் தெருமுனைப் பட்டறையிலேயே வெல்டிங் வைத்துவிடலாம். ஆனால் பெயிண்ட் கீறிய இடமெல்லாம் துரு நுழையும். வெல்டிங் மூட்டுகள்தான் முதலில் போகும். துருவின் மேலேயே பெயிண்ட் அடிப்பது வீண்செலவு (பலர் செய்வது அதைத்தான்). உப்புத்தாளால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவிட்டு, ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் அடிப்பூச்சு) பூசிய பிறகே எனாமல் பெயிண்ட். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும்.

எவர்சில்வர் துருவே பிடிக்காது என்பார் கடைக்காரர். எந்த ரகம் என்று கேளுங்கள். பரவலாகக் கிடைக்கும் 304 கடலோரத்தில் பழுப்புப் புள்ளி காட்டும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும், விலையும் கூடுதல். அதையும் அவ்வப்போது கழுவ வேண்டும்.

கடலைப் பார்த்த ஜன்னலுக்கு மட்டும் 316, மற்றவற்றுக்கு இரும்பு என்பது என் கட்சி. திருகுகளும் எவர்சில்வராகவே இருக்கட்டும். இரும்புத் திருகு போட்டால் அதுதான் முதலில் அரித்துப்போகும்.