நாய் உண்ணி மருந்துகள்: சொட்டு, மாத்திரை, கழுத்துப்பட்டை – எதை நம்பி வாங்கலாம்?

பவுடர், ஷாம்பூ, ஸ்ப்ரே, சொட்டு மருந்து, கழுத்துப்பட்டை, மாத்திரை என்று உண்ணிக்கான பெட்டிகள் வரிசையாக இருக்கும். எதை எடுத்துப் பார்த்தாலும் உண்ணி ஒழியும் என்றுதான் போட்டிருக்கும். ஒழியும் என்பது பெரும்பாலும் உண்மைதான். எத்தனை நாளைக்கு, எந்த நாய்க்கு, வீடு எந்த நிலையில் இருக்கும்போது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படுகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வீட்டுக்குள்ளேயே உண்ணி குடியேறிவிட்டது, நாய் 8 வாரம் தாண்டியது, 2 கிலோவுக்கு மேல் எடை, வலிப்பு வந்ததில்லை என்றால் மெல்லும் மாத்திரைதான் முதல் தேர்வு. மற்ற மருந்துகளுக்கும் இடம் உண்டு, ஆனால் அந்த இடம் குறுகியது.

காரணம் உண்ணியின் பிழைப்பில் இருக்கிறது. வீடுகளில் தொல்லை தருவது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஒரு தடவை, வளரும் பருவத்தில் ஒரு தடவை, முழு வளர்ச்சியில் ஒரு தடவை என்று மூன்று தடவை நாய் மேல் ஏறி ரத்தம் குடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து சுவர் விரிசல், கதவு நிலை, கட்டிலின் அடி, நாயின் படுக்கை மடிப்பு என்று எங்காவது ஒளிந்து தோலுரிக்கிறது. கடைசியில் உப்பிப்போன பெட்டை உண்ணி சுவரேறிப் போய் ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகிறது. இரை கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் காத்திருக்கும் பிராணி இது. ஆக, நாய் மேல் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம். வீட்டில் ஒளிந்திருப்பது அதைப்போலப் பல மடங்கு. இன்று குளிப்பாட்டிச் சுத்தம் செய்த நாய் மேல் நாளையே புதிதாக உண்ணி ஏறுவது இதனால்தான். பலரும் அதை மருந்தின் குறை என்று எண்ணி, வாரத்துக்கு ஒரு மருந்தாக மாற்றி நாயின் தோலைப் புண்ணாக்கிவிடுகிறார்கள்.

மெல்லும் மாத்திரையின் பலம் இங்கேதான். அஃபாக்சோலனர் (நெக்ஸ்கார்ட்), சரோலனர் (சிம்பாரிகா), ஃப்ளூரலானர் (பிரவெக்டோ) மூன்றும் ஒரே குடும்பம். மருந்து ரத்தத்தில் கலந்து நிற்கும். கடித்த உண்ணிக்கு நரம்பு கட்டுப்பாடிழந்து, ஒன்று இரண்டு நாளுக்குள் செத்துவிடும். முதல் இரண்டும் மாதம் ஒரு தடவை, ஃப்ளூரலானர் 12 வாரத்துக்கு ஒரு தடவை. குளிப்பாட்டினாலும் மழையில் நனைந்தாலும் பலன் குறையாது. சோபாவிலோ குழந்தையின் கையிலோ மருந்து ஒட்டாது. வீட்டு உண்ணியின் தலைமுறை ஓய 3 மாதமாவது ஆகும் என்பதால், விடாமல் 12 வாரம் நிற்கும் மருந்து மிகவும் பொருத்தமானது. மாதந்தோறும் தேதி மறந்துவிடும் வீடுகளுக்கு ஃப்ளூரலானரையே சொல்வேன்.

வாங்கும்போது தவறுவது எடையில். ஃப்ளூரலானர் 2–4.5, 4.5–10, 10–20, 20–40, 40–56 கிலோ என்று ஐந்து அளவில் வருகிறது. அஃபாக்சோலனர் 2–4, 4–10, 10–25, 25–50 என்று நான்கு. உத்தேசமாக ‘பத்து கிலோ இருக்கும்’ என்று வாங்கினால் 11 கிலோ நாய்க்குக் குறைந்த அளவு போய்ச் சேரும். மாதக் கடைசியில் உண்ணி தலைகாட்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, பிறகு தனியாக நின்று கழித்துக்கொள்ளுங்கள். வளரும் குட்டிக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக எடை பார்க்க வேண்டும். பெரிய மாத்திரையை வாங்கி இரண்டு சிறிய நாய்களுக்குப் பாதிப் பாதியாகப் பிய்த்துக் கொடுப்பது கூடவே கூடாது. துண்டுக்குத் துண்டு மருந்து சமமாக இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

ஃப்ளூரலானரை வெறும் வயிற்றில் கொடுத்தால் உடம்பில் சேர்வது குறையும். சாப்பாட்டோடு சேர்த்தோ, சாப்பிட்ட கையோடோ கொடுங்கள். சில நாய்கள் வாயில் அடக்கி வைத்திருந்து மூலையில் துப்பும். ஐந்து நிமிடம் கூடவே நில்லுங்கள். 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மருத்துவரைக் கேட்டு மறுபடி கொடுக்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.

குறைகளும் உண்டு. இந்தக் குடும்பத்து மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்கு எதுவும் ஆவதில்லை என்றாலும், முன்பு வலிப்பு வந்த நாய்க்கு மருத்துவரிடம் பேசாமல் கொடுக்காதீர்கள். இன்னொன்று, உண்ணி கடித்தால்தான் மருந்து அதற்குள் போகும். உண்ணி வழியாகப் பரவிக் காய்ச்சல் தரும் எர்லிக்கியா என்ற கிருமி, உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே நாய்க்குள் இறங்கிவிடும். அந்தக் காய்ச்சல் அதிகமாக உள்ள இடங்களில் மாத்திரை மட்டும் போதாது. கடிக்கும் முன்பே உண்ணியை விரட்டும் பட்டையோ சொட்டோ சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

அடுத்து பிடரிச் சொட்டு. அதிகம் விற்பது ஃபிப்ரோனில் (ஃப்ரன்ட்லைன்). 10 கிலோ வரை 0.67 மில்லி, 20 வரை 1.34, 40 வரை 2.68, 60 வரை 4.02. மருந்து தோலின் எண்ணெய்ப் பசையோடு கலந்து ஒரு நாளில் உடம்பெங்கும் பரவும். பலன் இல்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அதை முடியின் மேல் ஊற்றியவர்கள் என்றே நினைக்கிறேன். நாயை நிற்க வைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவே, நாக்கு எட்டாத இடத்தில், இரண்டு விரலால் முடியை வகிடு எடுத்தது போல் பிரியுங்கள். வெள்ளையாகத் தோல் தெரிய வேண்டும். டியூபின் முனை தோலில் படும்படி வைத்துப் பிழியுங்கள். முடி ஈரமாகச் சடை கட்டினாலோ, சொட்டு பக்கவாட்டில் வழிந்தாலோ மருந்தில் ஒரு பகுதி வீண்தான். வீட்டில் வேறு நாய் இருந்தால் காயும் வரை பிரித்து வையுங்கள். ஒன்றையொன்று நக்கினால் வாயில் நுரை தள்ளும். குளிப்பாட்டுவதற்கு முன்னும் பின்னும் 2 நாள் இடைவெளி அவசியம். ஷாம்பூ போட்டுப் பளபளப்பாக்கிய கையோடு சொட்டு விடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. எண்ணெய்ப் பசை போன தோலில் மருந்து எதைப் பிடித்துப் பரவும்? வாரந்தோறும் குளிக்கும் நாய்க்கு இது ஒத்துவராது. குறைவாகக் குளிக்கும், மாத்திரை தின்ன மறுக்கும் நாய்க்கு வாங்கலாம்.

இதே ஃபிப்ரோனில் 0.25 சதவீத ஸ்ப்ரேயாகவும் வருகிறது. பிறந்து 2 நாளான குட்டிக்கும் இதை அடிக்கலாம் என்பது வேறு எதற்கும் இல்லாத சிறப்பு. கிலோவுக்கு 3 முதல் 6 மில்லி. முடிக்கு எதிர்த்திசையில் அடித்து, கையுறையோடு தோல்வரை தடவி, காற்றோட்டத்தில் காய விடுங்கள். குட்டிகளுக்கு முகத்தில் நேராக அடிக்காமல் கையுறையில் நனைத்துத் தடவுங்கள். ஆல்கஹால் கலந்த மருந்து என்பதால் குளிர்ந்து நடுங்கும் குட்டிக்கு அடிக்கக் கூடாது.

கழுத்துப்பட்டையில் இமிடாக்ளோபிரிடும் ஃப்ளூமெத்ரினும் சேர்ந்தது (செரெஸ்டோ) மட்டுமே சிபாரிசு செய்யத் தக்கது. 7–8 மாதம் நிற்கும், கடிக்கும் முன்பே உண்ணியை விரட்டும். 8 கிலோவுக்குக் கீழே 38 செ.மீ., மேலே 70 செ.மீ. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும் அளவுக்கு மாட்டி, வளையத்தைத் தாண்டி 2 செ.மீ. விட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். தொங்கும் நுனியை வேறு நாய் கடித்து மென்றால் ஆபத்து. தளர்வாகத் தொங்கும் பட்டை வெறும் அலங்காரம்: தோலைத் தொட்டால்தான் மருந்து இறங்கும். முதல் இரண்டு வாரம் பட்டைக்குக் கீழே முடி கொட்டுகிறதா, சிவக்கிறதா என்று தினமும் பாருங்கள். அடிக்கடி நீந்தும் நாய்க்குப் பலன் குறையும்.

அமிட்ராஸ் கரைசல் விலை குறைந்த பழைய வழி. கவனமாகக் கையாள்பவர்களுக்கு மட்டும். 12.5 சதவீதக் கரைசலை லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி என்று கலந்து, கையுறை போட்டு, பஞ்சில் நனைத்து உடம்பில் தடவி, அலசாமல் காய விட வேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். திறந்து வைத்த பழைய பாட்டிலைத் தொடாதீர்கள். அளவு கூடினால் நாய் மயங்கித் தூங்கும், இதயத் துடிப்பு குறையும், ரத்தச் சர்க்கரை ஏறும். நீரிழிவுள்ள நாய், சிவாவா போன்ற மிகச் சிறிய இனங்கள், குட்டி, கர்ப்பிணி, புண் உள்ள தோல்: இவற்றுக்கெல்லாம் வேண்டாம். பூனைக்கு அறவே கூடாது.

பவுடரும் உண்ணி ஷாம்பூவும் அன்றைக்கு மேலே இருப்பதைக் கொல்லும், அவ்வளவுதான். ஷாம்பூ நுரையைக் குறைந்தது 5 முதல் 10 நிமிடம் விட்டு அலசினால் ஒரு நாளைய நிம்மதி கிடைக்கும். இவெர்மெக்டின் ஊசி உண்ணிக்குப் பலவீனமான மருந்து. கோலி, ஷெட்லாந்து ஷீப்டாக் போன்ற இனங்களில் எம்டிஆர்1 மரபணு மாறியிருந்தால் உயிருக்கே ஆபத்து. உண்ணிக்கென்று அதை யாராவது போடச் சொன்னால் காரணம் கேளுங்கள். பூண்டு கொடுப்பது ரத்தச் சிவப்பணுவைக் கெடுக்கும். டீ ட்ரீ எண்ணெய் நாய் பூனை இரண்டுக்குமே நஞ்சு.

பூனையும் இருக்கும் வீடுகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெர்மெத்ரின் கலந்த நாய்ச் சொட்டு பூனையைக் கொல்லும். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. சில மணி நேரத்தில் காது துடிப்பது, உடம்பு நடுங்குவது, வலிப்பு என்று போகும். நாய் மருந்தில் கொஞ்சம் பூனைக்கும் என்று தடவாதீர்கள். அந்தச் சொட்டு போட்ட நாயோடு 3 நாளாவது பூனையை ஒட்டிப் படுக்க விடாதீர்கள். பட்டாலோ, உடனே பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி மருத்துவரிடம் ஓடுங்கள். முயல் வளர்ப்பவர்கள் ஃபிப்ரோனிலை முயலுக்கு நெருங்கவே விடக் கூடாது.

எந்த மருந்து வாங்கினாலும் வீட்டுக்கும் வேலை இருக்கிறது. படுக்கைத் துணியை வாரம் ஒரு தடவை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். சுவர் விரிசல், தரையோரம், கட்டில் அடி இவற்றை வாக்குவம் செய்து பையை மூடிக் குப்பையில் போடுங்கள். விரிசல்களைச் சுண்ணாம்போ சிமெண்டோ வைத்து அடைத்தால் மருந்தைவிட நீடித்த பலன். பூச்சி மருந்து அடித்தால் 2–3 வாரம் கழித்து மறுபடி அடியுங்கள், அப்போதுதான் பிறகு பொரித்தவை மாட்டும். அடித்து முழுதாகக் காயும் வரை நாயையும் பூனையையும் வெளியே வையுங்கள். மருந்து தின்ற நாயை அதன் வழக்கமான இடத்திலேயே படுக்க விடுங்கள். பசியில் ஏறும் உண்ணிகள் அதன் மேல் ஏறிச் செத்துக் குறையட்டும்.

மருந்து கொடுத்த பின்னும் கொஞ்ச நாள் உண்ணி கண்ணில் படும். அது ஊர்கிறதா, காய்ந்து சுருங்கி உதிர்கிறதா என்று பாருங்கள். காதுக்குள், கால்விரல் இடுக்கு, கக்கம், தொடை இடுக்கு, வாலடி, பட்டைக்குக் கீழே தினமும் விரலை ஓட்டித் தேடுங்கள். கிடைத்தால் கூரான கிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெல்ல இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி, எண்ணெய் வேண்டாம்: தொந்தரவுக்குள்ளான உண்ணி தன் வயிற்றில் இருப்பதை நாய்க்குள்ளேயே உமிழும். விரலில் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள்.

உண்ணி போன பிறகும் இரண்டு மூன்று வாரத்துக்கு நாயின் ஈறைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஈறு வெளுத்தால், சாப்பாட்டில் மனம் போகாவிட்டால், காய்ச்சல் அடித்தால், மூக்கில் ரத்தம் வந்தால், வயிற்றுத் தோலில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், சிறுநீர் காபி நிறத்தில் போனால், அன்றே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையும் ரத்தப் பூச்சும் (கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள். எர்லிக்கியா என்று தெரிந்தால் வழக்கமாக டாக்ஸிசைக்கிளின் 28 நாள் கொடுப்பார்கள். ஒரு வாரத்திலேயே நாய் தேறி வாலாட்டினாலும் நாலு வாரம் முடியும் வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.