சந்தூர் தோப்புக்குப் பழைய ஃபார்ச்சூனர், சேலத்துக்குப் புது சி கிளாஸ்

என் வண்டி 2012 மாடல் டொயோட்டா ஃபார்ச்சூனர் எஸ்யூவி, ஃபோர் வீல் டிரைவ் மேனுவல், இரண்டரை லட்சம் கிலோமீட்டரை நெருங்குகிறது. ஓசூரில் இருக்கும் மச்சான் போன வருடம் மெர்சிடிஸ் சி கிளாஸ் செடானில் சி 220டி வாங்கினார். அவர் வெளியூர் போன பத்து நாளும் சாவி என்னிடம்தான், இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினேன்.

அம்மாவுக்கு முட்டி வலி, சேலத்தில் டாக்டரிடம் காட்ட கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. முதல் தடவை ஃபார்ச்சூனர். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னும் பின்னும் லாரி, மூன்றாவது கியரில் பிடித்துப் பிடித்து இறங்கினேன், வளைவில் வண்டி சாயும்போதெல்லாம் அம்மா மேலே இருக்கும் கைப்பிடியை விடவே இல்லை. அடுத்த வாரம் அதே இறக்கம் சி கிளாஸில், பிரேக்கில் கால் வைத்தால் வைத்த அளவுக்கு நிற்கிறது, அம்மா தர்மபுரி தாண்டும்போதே தூங்கிவிட்டார். என் வண்டி 2982 சிசிக்கு 343 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), இது 1993 சிசிக்கு 440, மேட்டில் மிதிக்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. எனக்குப் பத்து கொடுக்கிற மைலேஜ் இதில் பதினெட்டு வந்தது. தினமும் பெங்களூர் ஹைவேயில் ஓடுகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், செடான் எடுங்கள்.

ஆனால் ஏறி இறங்குவது வேறு கதை. ஃபார்ச்சூனரில் ஏறத்தான் அம்மாவுக்குக் கஷ்டம், படியில் கால் வைத்து மூச்சு வாங்கி ஏறுவார், இறங்கும்போது சறுக்கினாற்போல் தானே இறங்கிவிடுவார். சி கிளாஸில் உட்காருவது சுலபம், எழுவதுதான் பாடு. சீட் அவ்வளவு தாழ்வு, முட்டியை மடக்கி எழ முடியாமல் நானும் தம்பியும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினோம். ஷோரூமில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கூட்டிப்போய் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் தோப்பு. சந்தூர் பக்கம் எங்கள் மாந்தோப்புக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை, நடுவில் ஓடை. மழை பெய்த மறுநாள் சி கிளாஸைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனேன், 2022இல் வந்தபோதே எக்ஸ் ஷோரூம் 56 லட்சம் சொன்ன வண்டியைச் சேற்றில் விட மனசு வருமா? ஃபார்ச்சூனர் என்றால் லீவரை எல்எல்லில் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் நிலை) தள்ளி, முதல் கியரில் ஆக்ஸிலேட்டர்கூட கொடுக்காமல் ஓடையில் இறக்கலாம், தானாக ஏறி வந்துவிடும். தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம், எதுவும் தட்டாது. கடைசி வரிசை சீட்டை இரண்டு பக்கமும் மடக்கிக் கட்டிவிட்டால் பெங்களூரா மாங்காய் பன்னிரண்டு பெட்டி அடுக்கலாம்.

வித்துவிட்டுச் செடான் வாங்கு என்று மச்சான் சொல்கிறார். 2027இல் பதினைந்து வருடம் முடிகிறது, எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஆர்சியை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப் போகிறேன். சேலத்துக்கு மட்டும் அவரிடம் சாவி கேட்டுக்கொள்கிறேன்.