பழைய ஜிப்சி கிங் எம்பிஎஃப்ஐ: லிட்டருக்கு 6 தருகிறதா, 11 தருகிறதா?

பழைய மாருதி ஜிப்சி வாங்க நினைக்கும் எவரும் முதலில் கேட்பது மைலேஜ்தான். நல்ல நிலையில் இருக்கும் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல், பெட்ரோலை இன்ஜெக்டரால் பீய்ச்சும் வகை) ஜிப்சி கிங், சமவெளிச் சாலையில் 60-70 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 11 கி.மீ. வரை தரும். ஊருக்குள்ளும் மலைப்பாதையிலும் 8, 9 எதிர்பார்க்கலாம். உங்கள் வண்டி 6-தான் தருகிறதென்றால் உடனே இஞ்சினைப் பிரிக்க வேண்டாம். கோளாறு பெரும்பாலும் இஞ்சினுக்கு வெளியேதான் இருக்கும்.

எந்த மாடல் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். 1985-இல் வந்த முதல் ஜிப்சியில் 970 சிசி இஞ்சின், 4 கியர். 1996-இல் ஜிப்சி கிங் 1298 சிசி இஞ்சினோடும் 5 கியரோடும் வந்தது, ஆனால் கார்புரேட்டர்தான். 2000-இல் அதே அளவு இஞ்சின் 16 வால்வு, எம்பிஎஃப்ஐ, 80 குதிரைத்திறன் என்று மாறியது. தினசரி ஓட்டத்துக்கும் காட்டுப்பாதைக்கும் சேர்த்து ஒரே வண்டி வேண்டுமென்றால் இந்தக் கடைசி வகையை மட்டும் தேடுங்கள். செங்குத்துச் சரிவில் கார்புரேட்டரின் மிதவை அறையில் பெட்ரோல் ஒரு பக்கம் சாய்ந்து இஞ்சின் திணறும். எம்பிஎஃப்ஐயில் அந்தத் தொல்லை இல்லை.

ஜிப்சி ஏன் இவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது? கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் முதல் காரணம். இதில் ஹை ரேஞ்சே நேரடி இணைப்பு கிடையாது, 1.409 விகிதம் (லோ 2.268). அதனால் 5-ஆவது கியரிலும் இஞ்சின் வேகமாகவே சுற்றுகிறது. பெட்டி போன்ற உடலும் காற்றை எதிர்த்து நிற்கிறது. 80-ஐத் தாண்டினால் மைலேஜ் சரசரவென இறங்கும். இதற்குப் பட்டறையில் வைத்தியம் இல்லை; வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

அடுத்து டயர். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்டால் சுமார் 733 மி.மீ. வண்டி 100 கி.மீ. ஓடினால் மீட்டர் 91-தான் காட்டும். அந்த 91-ஐப் பெட்ரோல் அளவால் வகுத்துவிட்டு மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறார்கள். கணக்கில் வந்த விடையை 1.1-ஆல் பெருக்கினால் உண்மை நிலவரம் தெரியும். 215/75 ஆர்15 என்றால் பெருக்க வேண்டியது 1.05. அதற்காகப் பெரிய டயரில் இழப்பே இல்லை என்று சொல்லவில்லை. கனமான டயரை ஒவ்வொரு முறையும் நின்ற இடத்திலிருந்து உருட்ட வேண்டும். மட் டயரின் முரட்டுக் கட்டைகளுக்கும் தனியாகப் பெட்ரோல் செலவாகும். சேற்றில் மாதம் ஒருமுறைகூட இறங்காதவருக்கு ஏடி டயரே (தார் ரோட்டுக்கும் மண்பாதைக்கும் பொதுவானது) போதும்.

டயர் கணக்கைச் சரிசெய்த பிறகும் மைலேஜ் குறைவாக வந்தால், நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். முன் டிஸ்க் பிரேக்கில் காலிப்பர் நகரும் ஊசி (பின்) காய்ந்து இறுகியிருந்தாலும், பின்னால் டிரம்மில் லைனர் உரசினாலும் சக்கரம் சட்டென நின்றுவிடும். பிறகு தெர்மோஸ்டாட், அதாவது இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. காலையில் குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் குளிர்ச்சியாக இருந்துவிட்டுத் திடீரென்று சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். இஞ்சின் உரிய சூட்டுக்கு வராதவரை இசியு (இஞ்சினின் கணினி) கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். வண்டி சூடாகாமல் இருக்கத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்லும் மெக்கானிக்கிடம் ஜிப்சியைக் கொடுக்காதீர்கள்.

இ20 பெட்ரோலையும் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் அதன் ஆற்றல் லிட்டருக்கு 6, 7 சதவீதம் குறைவு. அதைவிடக் கவலைப்பட வேண்டியது பழைய ரப்பர் ஹோஸ்கள். எத்தனால் பட்டு அவை ஊறி உப்பும், பின்பு வெடிப்பு விடும். டேங்கிலிருந்து இஞ்சின்வரை உள்ள ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். டேங்கின் பழைய கசடு கிளம்பி வரும் என்பதால் பெட்ரோல் ஃபில்டரையும் கூடவே மாற்றிவிடுங்கள்.

இனி முன் ஆக்சில். ஜிப்சியின் உயிர்நாடி அதுதான். 50-60 வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கைக்கு அடங்காமல் ஆடுகிறதா? வீல் பேலன்ஸ் மட்டும் பார்த்துப் பயனில்லை, ஸ்டீயரிங் டேம்பர் மாற்றினாலும் நோய் மறையுமே தவிரத் தீராது. பெரும்பாலும் கிங்பின் பேரிங் (முன் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சின் பேரிங்) தேய்ந்திருக்கும். பேரிங்கை மாற்றிய பின் ஷிம் (இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) சரியாக வைக்க வேண்டும். நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) ஆயில் சீலைப் போடாமல், டை ராட் மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுங்கள். 1 முதல் 1.8 கிலோவுக்குள் நக்கிள் நகரத் தொடங்கினால் சரி. லேசாக நகர்ந்தால் ஷிம்மைக் குறைக்க வேண்டும். இந்த அளவு பார்க்காமல் கைப்பக்குவத்தில் முறுக்கிவிட்டால் ஆட்டம் திரும்ப வரும்.

சக்கரத்தின் உட்பக்க உருண்டை ஹவுசிங்கில் கிரீஸோடு ஆயிலும் கலந்து கருப்பாக வழிந்தால், உள்ளே ஆக்சில் சீல் போய்விட்டது. க்ரௌன் (ஆக்சில் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல்) ஆயில் அந்த வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். கிங்பின் வேலைக்குப் பிரிக்கும்போதே அதையும் மாற்றினால் கூலி ஒரு தடவையோடு போகும்.

ஆயில் அளவுகள்: கியர் பாக்ஸ் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸ் 0.8, முன் க்ரௌன் 2, பின் க்ரௌன் 1.5. ஆயில் தரம் கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4, க்ரௌன்களுக்கு ஜிஎல்-5. டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்குவதால் இதில் மூன்று ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். நடுவிலுள்ள குட்டை ஷாஃப்டுக்குக் கிரீஸ் அடிக்க மறந்துவிடுகிறார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி அழுத்தும்போது வரும் 'டக்' சத்தம் பல வண்டிகளில் அங்கிருந்துதான். தண்ணீரில் இறங்கி வந்த வண்டியென்றால் நான்கு இடத்திலும் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, முழுதும் மாற்றியாக வேண்டும்.

நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி இது. காய்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி, டயரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தேயும். பெட்ரோலும் வீண்.

இவை எல்லாவற்றுக்கும் உதிரி பாகம் கிடைக்கும். ராணுவத்தில் ஏராளமாக ஓடிய வண்டி. சேஸிஸ் துரு மட்டும் வேறு விஷயம். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் மாட்டும் தாங்கிகளையும் பாடி உட்காரும் இடங்களையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்டால் அந்த வண்டி வேண்டாம், என்ன விலைக்கும் வேண்டாம். அடியில் புதுக் கருப்புப் பெயின்ட் பளபளத்தால் இரண்டு மடங்கு தட்டுங்கள்.

டெல்லிப் பதிவு வண்டிகள் விலை குறைவாக வரும். 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் மீது அங்கே வந்த கட்டுப்பாடுகள்தான் அந்த விலைக்குக் காரணம். என்ஓசி (பதிவை வேறு ஊருக்கு மாற்றத் தேவையான தடையில்லாச் சான்று) கையில் இருக்கிறதா, சேஸிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் ஆர்சியோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.