பெரிய எழுத்து வேதாகமம்: ஒன்பது மாதம் வாசித்த பிறகு

வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிய வேண்டியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் ஜிப் உறை போட்டதை வாங்காதீர்கள். எனக்கு 63 வயது. இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் ஆனவள். அதனால் எழுத்தைப் பற்றித்தான் நிறையப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் வேதம் வாசிப்பது எப்போதும் அவர்தான். ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம். நான் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து ஒரு கீர்த்தனையை எடுத்துக் கொடுப்பேன், அவர் வாசிப்பார். எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை, எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள்தான். பாட்டு என் வேலை, வாசிப்பு அவர் வேலை என்று கல்யாணமான முதல் வாரத்தில் யாரும் சொல்லாமலே அமைந்துவிட்டது. போன வருஷம் ஆகஸ்டில் அவர் போய்விட்டார். இருமல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், நாலாம் நாள் இல்லை. நவம்பரில் பாளையங்கோட்டை வீட்டைக் காலி செய்து, ஓசூரில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். நாலாவது மாடி. ஊசிக்கோபுர ஆலயத்து மணி கேட்டே பழகிய காதுக்கு இங்கே லிஃப்ட் சத்தம்.

வந்த முதல் ராத்திரி எட்டரைக்கு என்னையறியாமல் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மகனுக்கு ஷிஃப்ட், மருமகள் லேப்டாப்பில், பேத்தி வீட்டுப்பாடத்தில். அவருடைய சின்ன பைபிளைத் திறந்தேன். சங்கீதம் 23 கடகடவென்று வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, நான் வாசிக்கவே இல்லை, மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழக்கமில்லாத பக்கம் ஒன்றைத் திருப்பினால் துணைக்கால் எது, ரகரம் எது என்று தெரியவில்லை. புள்ளி இருக்கிறதா, பூச்சி எச்சமா என்றும் தெரியவில்லை. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு தூரத்துப் பேருந்தின் போர்டு பளிச்சென்று தெரிகிறது. மடியில் இருக்கும் புத்தகத்துக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி போட்டும் அந்த எழுத்து பிடிபடவில்லை.

மகன் போனில் ஒரு பைபிள் ஆப் போட்டுக் கொடுத்தான். எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கலாம். ஆனால் யோபு புலம்பிக்கொண்டிருக்கும்போது மேலே கேஸ் சிலிண்டர் மெசேஜ் வந்து நிற்கும். அதிலேயே குரலில் வாசிப்பதும் உண்டு. நல்ல கம்பீரமான குரல், பின்னால் இசை. ஒரு அதிகாரம் முடியும் முன்னே நிறுத்திவிட்டேன். குரலில் குறை ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது கடையில் கேட்டு வாங்கினேன். விலை ஆயிரத்துச் சொச்சம். பெரிய எழுத்து என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல், உங்கள் கண்ணாடியைக் கையோடு கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். தமிழில் எழுத்து பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, புள்ளி தனியாக நிற்க வேண்டும், கொம்பு அடுத்த எழுத்தில் போய் இடிக்கக் கூடாது. நான் வாங்கியதில் இரண்டுமே நன்றாக இருக்கின்றன. நெகேமியாவில் வரும் வாயில் நுழையாத பெயர்களைக்கூட எழுத்துக்கூட்டாமல் வாசித்தேன். மொழிபெயர்ப்பு நாம் கேட்டு வளர்ந்த அதே பழையதுதான்.

ஞாயிறு பள்ளி நடத்தியவர் என்பதால் அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. 1715இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றனவாம். அதனால் இங்கேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்களாம். அவர்கள் அவ்வளவு பாடுபட்டுச் சுருக்கியதை நான் காசு கொடுத்துப் பெரிதாக்கிக்கொண்டேன்.

எடை: சமையலறைத் தராசில் 1 கிலோ 740 கிராம். மடியில் அரை மணி நேரம் வைத்தால் கால் மரத்துப்போகும். தலையணை மேல் வைத்துக்கொள்கிறேன்.

புதுசில் ஒரு தொல்லை உண்டு. ஓரத்தில் தங்க முலாம் பூசியிருப்பதால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாங்கியதும் சீட்டுக்கட்டு மாதிரி விசிறிவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜனவரியில் ஒருநாள் காலை, பால்கனி வெளிச்சத்தில் ஏசாயா 46ஐச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய எழுத்தை இரண்டு பத்தியாகப் போட்டால் நீளமான தமிழ்ச் சொற்கள் எங்கே உடையும் என்று சொல்ல முடியாது. "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்கு" என்பதோடு பக்கம் முடிந்துவிட்டது. திருப்பினேன். இரண்டு தாள் சேர்ந்து புரண்டு, 47ஆம் அதிகாரத்தையே தாண்டி வேறெங்கோ போய்விட்டது. முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டு "வேன் எங்கே, வேனைக் காணோமே" என்று முணுமுணுத்தேன். பேத்தி ஒற்றை ஷூவோடு ஓடிவந்து, "ஆச்சி, வேன் வந்துட்டா?" என்றாள். பள்ளி வேன் ஏழு பத்துக்குத்தான் வரும், மணி ஆறரை. அவர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். நகத்தால் தாளைப் பிரித்தபோது அடுத்த பக்கத்தின் முதல் வரியில் "வேன்" தனியாக உட்கார்ந்திருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் "கர்த்தர் புது வழியைத் திறப்பார்" என்றுதான் சொன்னார்கள். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் புது வருஷத்துக்கென்று நான் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையிலும் "இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன்" என்றே வந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. புதுசு எனக்கு எதற்கு, பழையதற்கு என்ன குறை என்று அட்டையைக் கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடிவிட்டேன். வரிசையாக வாசித்து ரூத்துக்கு வந்தபோதுதான் நகோமியைப் பார்த்தேன். புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவள், என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாராள் என்று கூப்பிடுங்கள் என்கிறாள். கசப்பு என்று பொருள். அதற்காகக் கர்த்தர் அவளைக் கோபித்ததாக எங்கேயும் இல்லை. நான் இரண்டு தரம் தேடிப் பார்த்தேன். அவர் இதையெல்லாம் வாசித்திருப்பார், என் காதில் விழுந்தும் இருக்கும். மறுநாள் இட்லிக்கு உளுந்து போட்டேனா என்ற யோசனையில் விட்டிருப்பேன்.

ஓரத்தில் தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள். இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அவருடைய பைபிளில் பென்சில் கோடுகளும் தேதிகளும் நிறைய. பூதக்கண்ணாடி வைத்து, தினம் நாலைந்தாக இதில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். சங்கீதம் 93இல், "நதிகள் இரைச்சலிட்டு எழும்பின" என்ற வரிக்குப் பக்கத்தில் 14.11.92 என்று இருக்கிறது. அது எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் தாமிரபரணி பெருகி சிந்துபூந்துறை வீட்டுக்குள் வந்தது. மகனுக்கு ஐந்து வயது. பக்கத்து வீட்டு மாடியில் ராத்திரி முழுக்க நின்றோம். தையல் மெஷின், அரிசி டிரம், கல்யாண ஆல்பம் எல்லாம் போயிற்று. அப்புறம்தான் மேடான இடமாகப் பார்த்துப் பாளையங்கோட்டைக்குக் குடிபோனோம். அப்போதும் நான் வர மாட்டேன் என்றுதான் அழுதேன். அந்த ஊரைத்தான் இப்போது விட்டு வர மனசில்லாமல் வந்திருக்கிறேன். ஆதியாகமம் 12இல், ஆபிராம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது எழுபத்தைந்து வயது என்ற இடத்திலும் கோடு போட்டிருக்கிறார். தேதி இல்லை. எப்போது போட்டார், எதற்குப் போட்டார் என்று மகனைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

இனி குறைகள். ஜிப் ஈஸ்டருக்கு முன்பே பல்லைக் காட்டிவிட்டது. பை தைப்பவர் 80 ரூபாய் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். சாதா அட்டை போட்டதே போதும், விலையும் குறைவு. இயேசு பேசியதைச் சிவப்பில் அச்சிட்டிருக்கிறார்கள். பகலில் அழகு, ராத்திரி எல்.இ.டி. வெளிச்சத்தில் ரோஸாக வெளுத்துப்போகும். ஆகவே சுவிசேஷங்களுக்குக் காலை நேரம். வசன எண்கள் மட்டும் ஏனோ எறும்பு சைஸில் இருக்கின்றன. ஆலயத்தில் "பதினேழாம் வசனம்" என்று சொல்லி நான் கண்டுபிடிப்பதற்குள் பிரசங்கமே தொடங்கிவிடும். பக்க ஓரத்தில் ஒட்டிய புத்தகப் பெயர்களில் எரேமியா உதிர்ந்துவிட்டது. அடையாள நாடா ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள். பழைய ஏற்பாட்டுக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என்று இரண்டாவது வைத்தால் என்ன? பேத்தியின் பச்சைப் பள்ளி ரிப்பனில் ஒரு முழம் வெட்டி நானே தைத்துக்கொண்டேன். ஏன் வெட்டினாய் என்று ஒருநாள் சண்டை. இப்போது எட்டரைக்கு அந்த ரிப்பனைப் பிடித்துத் திறந்து வைப்பது அவள் வேலை.

வீட்டில் வைத்து வாசிக்க அருமையான புத்தகம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பரிசாக வாங்குகிறீர்கள் என்றால், அவர்களையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிவதை வைத்து வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு இதைத் தூக்க எனக்குத் தோள் இல்லை. அங்கே அவருடைய சின்ன பைபிளைத்தான் கொண்டுபோகிறேன். திறப்பதில்லை, பையில் இருக்கும்.