வேலிகாத்தான் தூர் பிடுங்க மினி டிராக்டர்: எங்கள் கொல்லையில் கண்ட அனுபவம்

அணைக்கட்டுப் பக்கம் உள்ள எங்கள் கொல்லையில் ஓர் ஏக்கர் அளவுக்கு மண்டிக் கிடந்த வேலிகாத்தானை, அதாவது சீமைக் கருவேலத்தை, வெட்டி விறகுக்குக் கொடுத்த பிறகு நின்ற நாற்பதுக்கும் மேற்பட்ட அடிக்கட்டைகளை அகற்ற, மினி டிராக்டர் வாடகைக்கு விடும் ஒருவரை அழைத்தோம். ஜேசிபி வருவதென்றால் வேர்க்கடலை விதைத்திருந்த பக்கத்துக் கொல்லையின் வரப்பை உடைக்க வேண்டும். 24 குதிரைத்திறன் கொண்ட இந்த நான்கு சக்கர இயக்க வண்டியோ மாட்டுவண்டிப் பாதையிலேயே வந்துவிட்டது.

முதல் நாள் வந்த ஓட்டுநர் சங்கிலியை டாப் லிங்க்கில், அதாவது வண்டியின் பின்புறம் உயரத்தில் கருவிகளை மாட்டும் மேல் இணைப்பில், மாட்டி இழுத்தார். கட்டை அசையவில்லை, முன்சக்கரங்கள்தாம் ஒரு சாண் உயரம் எழும்பின. பின் அச்சுக்கு மேலே கட்டி இழுக்கும்போது கட்டை விடாமல் பிடித்துக்கொண்டால், வண்டி அச்சைச் சுற்றியே புரண்டு ஓட்டுநர் மேல் கவிழ்ந்துவிடும் என்பதால் உடனே நிறுத்தச் சொன்னேன். இதைக் கற்றுத்தராமல் ஆளை அனுப்பியது அந்த உரிமையாளரின் பெரிய தவறு. இதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

மறுநாள் வந்த மூத்த ஓட்டுநரின் வேலை முற்றிலும் வேறு விதமாக இருந்தது. கட்டைகளை இடுப்பளவு விட்டு வெட்டியிருந்தது நல்லதாயிற்று என்றார். சங்கிலியைக் கட்டையின் மேல்பக்கம் சுற்றி, மறுமுனையை வண்டியின் பின்புறம் தாழ்வாக உள்ள டிராபார் என்னும் இழுவைக் கம்பியில் மாட்டி, எங்களையெல்லாம் தூர விலகி நிற்கச் சொல்லிவிட்டு, முதல் கியரில் வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக நகர்த்தினார். நாங்கள் முன்கூட்டியே சுற்றிலும் குழி பறித்து, நீர் விட்டு ஊறவைத்து, பக்கவேர்களைக் கோடாரியால் வெட்டி வைத்திருந்ததால், மணிக்கட்டுப் பருமனுள்ளவை முள்ளங்கி போல வந்தன. தொடைப் பருமனுள்ளவற்றுக்கு இரண்டு மூன்று திசைகளில் இழுக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பருத்த ஏழு கட்டைகளை இந்த வண்டியால் ஆகாது என்று அவரே விட்டுவிட்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன்.

வேலிகாத்தான் மண்ணுக்குச் சற்றுக் கீழே உள்ள தூரிலிருந்தே மீண்டும் தழைக்கும். இழுக்கும்போது மண்மட்டத்தில் ஒடிந்த மூன்று கட்டைகள் ஒரு மாதத்தில் துளிர்த்துவிட்டன. தூரோடு வந்த இடங்களில் துளிர் இல்லை. ஒடிந்தவற்றைக் கடப்பாரையால் தோண்டி எடுத்தோம். மீதமுள்ள ஏழையும் அறுவடை முடிந்து பக்கத்துக் கொல்லை காலியானதும் ஜேசிபி வைத்து எடுக்கவிருக்கிறோம். சிறு கட்டைகளுக்கு இந்த வண்டியையே மீண்டும் அழைப்பேன், அந்த மூத்த ஓட்டுநர் வருவதாக இருந்தால் மட்டும்.